பழைய ஜெர்மன் மார்க் நாணயத்துக்கு உண்மை விலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: வீட்டில் ஒரு டப்பா நிறைய ஜெர்மன் நாணயங்கள் இருக்கின்றன. 50 ஃபெனிக் (100 ஃபெனிக் ஒரு மார்க்), 1 மார்க், வெள்ளி 5 மார்க், 1972 ஒலிம்பிக் 10 மார்க், கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், காலத்து வெள்ளி நாணயம் சில. இணைய விற்பனைத் தளங்களில் இதே மாதிரி நாணயங்களுக்கு ஆயிரக்கணக்கான யூரோ போட்டிருக்கிறார்கள். அது உண்மையா, என் நாணயத்தின் மதிப்பை நானே எப்படித் தெரிந்துகொள்வது?

டப்பாவில் உள்ளவற்றில் பெரும்பாலானவை முகமதிப்புக்கோ வெள்ளி விலைக்கோதான் போகும். ஆனால் நடுவில் ஒன்றிரண்டு நல்ல நாணயம் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தவறவிடாமல் எடுப்பதற்கு மூன்றை ஒன்றாகப் படிக்க வேண்டும்: எந்த நாணயச்சாலையில் அடித்தது, அந்த ஆண்டு அந்தச் சாலையில் எத்தனை அடித்தார்கள், உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து விலை சொல்பவரை நம்ப வேண்டாம். "நூறு வருஷம் பழசு" என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஜெர்மன் நாணயத்துக்கும் கூடுதல் விலை கிடைப்பதில்லை.

முதலில் அடிவிலையைக் கணக்கிட்டுவிடுங்கள். அது தெரிந்தால் யாரும் உங்களை அதற்குக் கீழே இறக்க முடியாது. மேற்கு ஜெர்மனியின் டாய்ச் மார்க்கை ஜெர்மன் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் காலவரையறை இல்லாமல் யூரோவாக மாற்றித் தருகிறது. விகிதம் 1 யூரோவுக்கு 1.95583 மார்க். ஆகவே 5 மார்க் என்றால் ஏறத்தாழ 2.56 யூரோ, 10 மார்க் என்றால் 5.11 யூரோ. இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. 1951 முதல் 1974 வரை அடித்த, கழுகு போட்ட புழக்க வெள்ளி 5 மார்க் 1975-லேயே செல்லாததாக்கப்பட்டது. அதற்கு வெள்ளிதான் அடிவிலை. எடை 11.2 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 625, அதாவது 7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை ஏழால் பெருக்கினால் போதும். 1975-க்குப் பிறகு வந்த புழக்க 5 மார்க்கில் வெள்ளி கிடையாது. உள்ளே நிக்கல் இருப்பதால் காந்தத்தில் ஒட்டும். டப்பாவைக் கொட்டி ஒரு காந்தத்தை மேலே ஓட்டினாலே இரண்டும் பிரிந்துவிடும்.

ஒலிம்பிக் 10 மார்க் 15.5 கிராம் எடை, அதே 625 தூய்மை, கிட்டத்தட்ட 9.7 கிராம் சுத்த வெள்ளி. இவை எல்லா வகையும் சேர்த்து 10 கோடி அடிக்கப்பட்டன. முதல் வகையில் விளையாட்டு "ஜெர்மனியில்" நடப்பதாக எழுதியிருந்தார்கள். ஒலிம்பிக்கை நாட்டுக்கு அல்ல, நகரத்துக்குத்தான் தருவார்கள் என்று எதிர்ப்பு வந்ததும் "மியூனிக்கில்" என்று மாற்றினார்கள். இந்தக் கதையைச் சொல்லி முதல் வகையை அரியது என்று விற்கிறார்கள். அதுவே ஒரு கோடி இருக்கிறது. வெள்ளி விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. 1998 முதல் 2001 வரை வந்த நினைவு 10 மார்க் மட்டும் 925 தூய்மை. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றிலும் 14.3 கிராம் வெள்ளி இருக்கிறது.

கைசர் காலத்துக்கு, அதாவது 1871-க்குப் பிந்தைய பேரரசு நாணயங்களுக்கு, கணக்கு இன்னும் சுலபம். மார்க் ஒன்றுக்கு 5 கிராம் சுத்த வெள்ளி: 2 மார்க்கில் 10, 3 மார்க்கில் 15, 5 மார்க்கில் 25 கிராம். தங்க 20 மார்க் 7.96 கிராம், நம் ஒரு பவுன் எடையை ஒட்டி வரும். அதில் சுத்தத் தங்கம் 7.17 கிராம் அளவு.

அடிவிலை தெரிந்த பிறகுதான் அரிதா என்ற கேள்வி. ஜெர்மன் நாணயத்தில் அந்தக் கேள்விக்கு விடை ஒரு சின்ன எழுத்தில் இருக்கிறது. இன்று ஐந்து நாணயச்சாலைகள் இயங்குகின்றன: ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ, ஜே ஹாம்பர்க். பேரரசு காலத்தில் இன்னும் சில இருந்தன. டிரெஸ்டனும் அதற்குப் பின் முல்டன்ஹூட்டனும் ஈ என்ற எழுத்தைப் போட்டன. ஹனோவர் பி, பிராங்க்பர்ட் சி, டார்ம்ஸ்டாட் எச். ஒரே ஆண்டு, ஒரே உருவம், ஒரே உலோகம். எழுத்து மாறினால் விலை நூறு மடங்கு மாறும். அதனால் "1958 ஆம் ஆண்டு 5 மார்க் என்ன விலை" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. டி, எஃப், ஜி எழுத்துகள் சாதாரணம். ஜே மட்டும் 60,000-தான் அடிக்கப்பட்டது. தேய்ந்த ஒன்றுக்கே சில நூறு யூரோ கிடைக்கும். அச்சுப் பளபளப்பு அழியாத ஒன்றுக்கு ஆயிரங்களில் கொடுப்பார்கள். கூடவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பெர்லினின் ஏ எழுத்து டாய்ச் மார்க்கில் ஜெர்மன் இணைப்புக்குப் பிறகுதான் வருகிறது. 1960-கள், 70-கள் ஆண்டு போட்ட ஏ எழுத்து நாணயம் கையில் இருந்தால் அது கிழக்கு ஜெர்மனியுடையது.

எழுத்தும் ஆண்டும் மட்டும் போதாத இடமும் உண்டு. அதுதான் எல்லாரும் தேடும் 1950 ஜி, 50 ஃபெனிக். கன்று நடும் பெண் உருவம் போட்ட அந்த நாணயத்தை ரிச்சர்ட் மார்ட்டின் வெர்னர் வடிவமைத்தார், அவர் மனைவி கெர்டாதான் அதற்கு மாதிரி. 1949-ல் வந்தவற்றில் "பாங்க் டாய்ச்சர் லெண்டர்" என்று, அதாவது போருக்குப் பிந்தைய அன்றைய மத்திய வங்கியின் பெயர் இருந்தது. 1950 முதல் "புண்டஸ்ரிபப்ளிக் டாய்ச்லாண்ட்" என்று நாட்டின் பெயராக மாற்றிவிட்டார்கள். கார்ல்ஸ்ரூஹவில் மட்டும் 1950 ஆண்டைப் போட்டு, பழைய வங்கிப் பெயரோடு 30,000 நாணயம் அடிபட்டுவிட்டது. மதிப்பு அந்த 30,000-க்குத்தான். நாட்டின் பெயர் போட்ட 1950 ஜி லட்சக்கணக்கில் கிடைக்கிறது, அதற்கு முகமதிப்புதான். 1950-ஐயும் ஜி எழுத்தையும் பார்த்தவுடன் மகிழ்ந்து, சுற்றியுள்ள எழுத்தைப் படிக்காமல் விட்டுவிடுவது இதில் அடிக்கடி நடக்கிறது. வங்கிப் பெயர் இருந்தால், நடுத்தரமாகத் தேய்ந்திருந்தாலும் சில நூறு யூரோ.

இந்த நாணயத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1970-களின் நடுவில் கார்ல்ஸ்ரூஹ நாணயச்சாலையிலேயே, உள்ளே வேலை பார்த்தவர்கள் அரிய நாணயங்களை அனுமதியின்றித் திரும்ப அடித்து வெளியே விட்ட ஊழல் அம்பலமானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 50 ஃபெனிக் 1950 ஜி-யும் அவற்றில் ஒன்று, 1967 ஜி 2 ஃபெனிக்கும் ஒன்று. அரசின் சாலையில், அரசின் இயந்திரத்தில் அடித்ததை வெளியில் செய்த போலியைக் கண்டுபிடிப்பது போலக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வகை நாணயங்களை, குறிப்பாகப் புத்தம் புதிதாக மின்னுகிறவற்றை, ஜெர்மன் நிபுணர் சான்று இல்லாமல் வாங்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

2 ஃபெனிக்கில் காந்தம் மறுபடி உதவும். 1960-களின் கடைசியில் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாறினார்கள். மாறும் ஆண்டுகளில் "தவறான" உலோகத்தில் சில வந்தன. காந்தத்தில் ஒட்ட வேண்டிய ஆண்டில் ஒட்டாததும், ஒட்டக் கூடாத ஆண்டில் ஒட்டுவதும் கவனிக்க வேண்டியவை.

கைசர் காலத்தில் அரிது என்பதன் முழு வீச்சும் தெரியும். பேரரசுக்குள் தனி அரசாக இருந்த சாக்சனியின் 3 மார்க் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். 1913-ல் லைப்சிக் போர் நினைவுச்சின்னத்தைப் போட்டு வந்த 3 மார்க் 999,999 அடிக்கப்பட்டது. வயது நூறு தாண்டிவிட்டது, வெள்ளி நாணயம், பார்க்க அழகு. இன்றும் சில பத்து யூரோவுக்குக் கிடைக்கும். நான்கு ஆண்டு கழித்து, போர் நடுவில், மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் 400 ஆண்டு நிறைந்ததற்கு அதே முல்டன்ஹூட்டன் சாலையில் லூதருக்குப் பாதுகாப்பளித்த சாக்சனி ஆட்சியாளர் ஃபிரெடரிக் தி வைஸ் உருவத்தோடு ஒரு 3 மார்க் அடித்தார்கள். மொத்தமே 100. பேரரசு வெள்ளி நாணயங்களின் அரசன் என்று அதைச் சொல்வார்கள். ஏலத்தில் வரும்போது பல பத்தாயிரம் யூரோவுக்குப் போகிறது. பவேரியா மன்னர் மூன்றாம் லூட்விக்கின் திருமணப் பொன்விழா நாணயம், 1918, 130 மட்டும். இந்த இரண்டும் உங்கள் டப்பாவில் இருந்தால், உண்மையான நாணயமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. போலிகள் எக்கச்சக்கம். எடையை நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள்: 3 மார்க் 16.67 கிராம் இருக்க வேண்டும். அரை கிராம் குறைந்தாலே சந்தேகப்படலாம்.

அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவதும் ஆபத்து. 1920-களில் பேரரசு வெள்ளி செல்லாததானதும் ஏராளமாக உருக்கப்பட்டது. நாணய அட்டவணைப் புத்தகத்தில் லட்சம் என்று போட்டிருந்தாலும் இன்று எத்தனை மிஞ்சியது என்பது வேறு கணக்கு. அடித்ததே குறைவாக இருந்தவையும் உண்டு: பேரரசுக்குப் பின் வந்த வைமார் குடியரசு கவிஞர் கோத்தே நினைவாக 1932-ல் வெளியிட்ட 5 ரைஷ்ஸ்மார்க், ஆறு சாலைகளிலும் சேர்த்தே சுமார் 20,000 அடித்தது. நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு நான்கு இலக்கத்தில் யூரோ கொடுப்பது அதனால்தான்.

இனி நிலை. இதுதான் கடினமான பகுதி, இதில்தான் பெரும் பணம் கைமாறுகிறது. ஜெர்மானியர் தரத்தைச் சில படிகளாகப் பிரிக்கிறார்கள். "ஷோன்" என்பது நன்றாகத் தேய்ந்தது, உருவம் தெரியும், நுணுக்கம் போய்விட்டது. "சேர் ஷோன்" என்பது புழக்கத்தில் இருந்தது, ஆனால் பெரும்பாலான நுணுக்கம் தெரிகிறது. "ஃபோர்ட்சுக்லிஷ்" என்றால் உயர்ந்த இடங்களில் மட்டும் லேசான உராய்வு. "ஷ்டெம்பல்கிளான்ஸ்" என்பது புழக்கத்துக்கே போகாதது. அதற்கும் தனியாக, கண்ணாடி போல மெருகிட்ட தகட்டில் சேகரிப்பாளருக்கென்றே அடித்தது "போலியர்ட்ட பிளாட்ட". அது ஒரு அடிக்கும் முறை. நிலையின் இன்னொரு படி என்று நினைத்துவிட வேண்டாம். மெருகு நாணயம்கூட விரல் பட்டுக் கெட்டுப்போனால் விலை சரியும்.

எந்தத் தரம் என்று பார்க்க, நாணயத்தில் எது மேடோ அங்கே பாருங்கள். 50 ஃபெனிக்கில் பெண்ணின் தலைத்துணி, கை, முழங்கால். வெள்ளி 5 மார்க்கில் கழுகின் நெஞ்சு இறகு. கைசர் நாணயத்தில் காதுக்கு மேலுள்ள முடியும் தாடியும், பின்புறம் கழுகு மார்பிலுள்ள கேடயமும். இந்த இடங்கள் மழுங்கியிருந்தால் மற்ற இடம் எவ்வளவு மின்னினாலும் அது "ஃபோர்ட்சுக்லிஷ்" அல்ல. அடுத்து, ஒரே ஒரு விளக்கின் கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத நாணயத்தில் ஒளிக்கற்றை தளத்தைச் சுற்றி ஓடும். அச்சு அழுத்தும்போது உலோகம் வழிந்து உண்டாக்கிய மிகச் சிறிய வரிகளின் வேலை அது. ஒருமுறை போனால் திரும்பாது.

அதைக் கொல்வது நம் வீட்டுப் பழக்கம்தான். புளி போட்டுத் துலக்குவது, விபூதி, பற்பசை, வெள்ளி மெருகுத் துணி, எதுவாக இருந்தாலும் நாணயத்துக்கு நஞ்சு. துலக்கியது மின்னும், ஆனால் அந்த மினுக்கு தட்டையாக இருக்கும், பூதக்கண்ணாடியில் ஒரே திசையில் மயிர்க்கீறல் தெரியும். சேகரிப்பாளர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். பல நூறு யூரோ நாணயம் வெள்ளி விலைக்கு இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். கறுத்துப் போனதை அப்படியே விடுங்கள். சீராகப் படிந்த நீலமும் பொன்னிறமும் சில சமயம் விலையைக் கூட்டும்.

விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். காசுமாலையில் கோத்த பவுன் போல, ஜெர்மனியிலும் தங்க, வெள்ளி நாணயங்களை வளையம் பற்றவைத்துப் பதக்கமாக அணிந்தார்கள். வளையத்தை எடுத்துவிட்டாலும் விளிம்பில் சிறு தழும்பு மிஞ்சும். அதோடு சேகரிப்பு மதிப்பு போய், உலோக மதிப்புதான் நிற்கும். விளிம்பு எழுத்தும் சான்று. கைசர் 5 மார்க்கில் "காட் மிட் உன்ஸ்", வெள்ளி 5 மார்க்கில் "ஐனிக்கைட் உண்ட் ரெஷ்ட் உண்ட் ஃபிரைஹைட்" இருக்க வேண்டும். வார்ப்பில் செய்த போலியில் இந்த எழுத்து மங்கியோ விட்டுப்போயோ இருக்கும்.

இப்போது நிலையும் எண்ணிக்கையும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். 1950-களில் அடித்த 1 மார்க் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அது 2001 வரை புழக்கத்தில் இருந்த நாணயம். அரை நூற்றாண்டு சட்டைப்பையிலும் கல்லாவிலும் உருண்டது. அவற்றில் அச்சுப் பளபளப்போடு மிஞ்சியவை மிகச் சில. அதனால் ஒரே 1 மார்க், தேய்ந்திருந்தால் 51 சென்ட், புழங்காமல் இருந்தால் நூற்றுக்கணக்கில். கார்ல்ஸ்ரூஹவின் 1954, 1955 ஆண்டுகளைத் தேடுபவர்கள் அதிகம். எண்ணிக்கையில் சாதாரணமாகவும் நிலையில் அரியதாகவும் இருக்கும் இந்த வகையைத்தான் நான் ஆசையாகத் தேடுவேன், ஏனென்றால் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்காமல் கொடுத்துவிடுகிறார்கள். 100 மட்டும் அடித்த நாணயத்துக்கோ கணக்கு வேறு. அங்கே நிலை சுமாராக இருந்தாலும் வாங்குவோர் இருப்பார்கள். சாதாரண நாணயத்தில் நிலைதான் முழு விலையும்.

விருப்பமும் காலமும் ஒரு பங்கு. டாய்ச் மார்க் நினைவு நாணயங்களில் முதல் ஐந்து பெயர்பெற்றவை: 1952 நியூரம்பர்க் ஜெர்மானிய அருங்காட்சியகம், 1955 ஷில்லர், 1955 பாடன் லூட்விக், 1957 ஐஷன்டார்ஃப், 1964 ஃபிக்டே. முதல் நான்கும் தலா சுமார் 2 லட்சம். ஒரு தலைமுறைக்கு முன் ஒவ்வொரு ஜெர்மன் சேகரிப்பாளரும் இவற்றைக் கட்டாயம் தேடினார். அந்தத் தலைமுறை முதுமை அடைந்து, சேகரிப்புகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்ததால், எண்ணிக்கை மாறாமலே விலை இறங்கியது. இன்றும் அருங்காட்சியக நாணயம் நல்ல நிலையில் இருந்தால் சில நூறு யூரோ மதிப்புள்ளதுதான். பழைய அட்டவணையில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்ப வேண்டாம்.

கிழக்கு ஜெர்மன் நாணயங்களுக்கு மாற்றுவிலை கிடையாது. அலுமினியச் சில்லறை பெரும்பாலும் உருக்கப்பட்டது, மிஞ்சியதற்கு விருப்பம் குறைவு. நினைவு வெளியீடுகளில் 1966-ன் ஷிங்கல் 10 மார்க்கும் லைப்னிட்ஸ் 20 மார்க்கும் வெள்ளி, தலா 50,000, கவனிக்கத் தக்கவை. யூரோவில் 2002 ஆண்டு சென்ட், 2 யூரோ என்று ஆயிரங்களில் விளம்பரம் வந்தால் கடந்துவிடுங்கள், அவை கோடிக்கணக்கில் உள்ளன. உண்மையான பிழை ஒன்று இருக்கிறது: ஹாம்பர்க் மாநிலத்தின் பெயரில் வந்த 2008 நினைவு 2 யூரோவில், ஸ்டுட்கார்ட்டில் அடித்த எஃப் எழுத்து நாணயங்கள் சில, எல்லைகள் பிரித்துக் காட்டும் பழைய ஐரோப்பிய வரைபடத்தோடு அடிபட்டன. அது சில பத்து யூரோ பெறும்.

விலை பார்க்கும் முறை இது. ஜெர்மன் நாணயங்களுக்குக் குர்ட் யேகர் போட்ட எண் வரிசை எல்லாரும் பயன்படுத்துவது. முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு விற்றுமுடிந்த ஏல விலைகளைத் தேடுங்கள். ஆஸ்னாப்ரூக்கிலுள்ள குன்கர் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விலைகளைப் படத்தோடு வெளியிடுகின்றன. உங்கள் நாணயத்தின் எழுத்தும் நிலையும் ஒத்துப்போகும் மூன்று நான்கு விற்பனைகளை எடுத்து, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தில் ஒருவர் கேட்கும் விலை அவர் ஆசை, அதற்கு யாரும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. வணிகர் வாங்கும் விலை ஏல விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும், அவரும் லாபம் பார்க்க வேண்டும். சில நூறு யூரோவைத் தாண்டும் நாணயம் என்றால் ஏலத்துக்கு அனுப்புவது நல்லது. அதற்குக் கீழே என்றால் அஞ்சல் செலவும் கமிஷனும் லாபத்தைத் தின்றுவிடும்.

வைப்பதற்கு மென்மையான பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். போர்க்கால துத்தநாக ஃபெனிக்கள் நம் ஊர் ஈரத்தில் வெண்மையாகப் பூத்துவிடும், அவற்றைத் தனியாக உலர்ந்த இடத்தில் வையுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து எடையோடு அனுப்பினால், எழுத்தையும் நிலையையும் பார்த்துச் சொல்லிவிடுவேன்.